டீச்சர் பாட்டிக்கு ஒரு பேர் இருந்தது

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்களே, அக்காக்களே, மார்ச் வெயிலில் மயிலாப்பூர் வரைக்கும் வந்து, நாற்காலி போதாமல் ஓரமாக நின்றுகொண்டு கேட்கிற உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பெண்களின் வரலாற்றையும் சாதனையையும் கொண்டாடும் ஆவணப்படங்களும் டிவி நிகழ்ச்சிகளும் மாற்றத்துக்கு வழியா, மார்ச் மாதச் சடங்கா என்பது இன்றைய தலைப்பு. மாற்றத்துக்கு வழிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் நன்றாகப் பேசினார். மார்ச் 8 வந்தால் எல்லோரும் ஒரே கலரில் புடவை, நகைக்கடை விளம்பரம், நடுவில் சாதனைப் பெண்மணி என்று அரை மணி நேரம், மறுநாளே பழையபடி மாமியார் மருமகள் சண்டை என்றார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன், அதில் பாதி உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேரம் எங்கள் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் டீச்சர் பாட்டி என்று ஒருவர் இருந்தார். தாத்தாவுக்கு அக்கா, எனக்கு அத்தைப்பாட்டி. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். சுவரில் ஒரு போட்டோவும் பரணில் ஒரு பித்தளைக் கூஜாவும்தான் எனக்குத் தெரிந்த டீச்சர் பாட்டி. அவர் ஏன் கடைசி வரைக்கும் தனியாக இருந்தார் என்று சின்ன வயதில் கேட்டால், "பேசாம சாப்பிடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், ஏதோ ஒரு சேனலில் சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வந்தது. 11 வயதில் கல்யாணம் ஆகி, கொஞ்ச நாளிலேயே கணவனை இழந்து, அதற்கப்புறமும் படித்து 1911ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், தன்னைப் போலவே சிறு வயதில் கணவனை இழந்த பெண்களைச் சேர்த்து வைத்துப் படிக்க வைத்தவர். மெரினா எதிரில் இருக்கும் ஐஸ் ஹவுஸைக் காட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியை வைப்பதற்காகக் கட்டியது, 1897ல் விவேகானந்தர் தங்கியது, இந்த இரண்டு கதையும் சென்னையில் நிறைய பேருக்குத் தெரியும். அதே கட்டடத்தில் 1917லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சிறுமிகள் தங்கிப் படித்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "இங்கதான்டி அத்தை படிச்சா, அவளுக்கு ஒம்பது வயசுல அப்படி ஆயிடுத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம் அது. கல்யாணமாகி, கணவன் இறந்து, தாத்தாவின் அப்பா ஊர் பேச்சை மீறி அந்தப் பெண்ணைப் பட்டணத்துக்கு அழைத்து வந்து ஐஸ் ஹவுஸில் விட்டு, அவர் படித்து டீச்சராகி, அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் தாத்தாவே கல்லூரிக்குப் போயிருக்கிறார். வெட்கம் என்று நினைத்து மூடி வைத்திருந்த ஒன்று, டிவியில் அதே கட்டடத்தை ஒரு கேமரா மரியாதையோடு காட்டியதும் பெருமையாக மாறிவிட்டது. சடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, அந்தச் சடங்கு இல்லாமல் போயிருந்தால் பெரியம்மா அதைச் சொல்லாமலே இருந்திருப்பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணச் சிறுமிகளுக்கான விடுதி. அந்த நிகழ்ச்சி அதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். மாலை போடுகிறார்கள், முழுசாகச் சொல்வதில்லை என்று எதிரணி அக்கா வருத்தப்பட்டாரே, அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பாதி சொன்ன படத்துக்கு மருந்து மீதிப் பாதியைச் சொல்லும் இன்னொரு படம், படமே வேண்டாம் என்பது அல்ல. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். தேவதாசி முறைக்குள் வளர்ந்து, அதையே எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, 1936ல் அதைப் பற்றி நாவலும் எழுதி, 1938ல் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து வந்தவர். அரசுத் திட்டத்துக்கு அவர் பேர் வைத்ததால் பேர் காதில் விழுந்திருக்கும். முகம் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில், எங்கள் அணியின் வாதம்.

சரி, நான் உண்மையில் பேச வந்தது காலத்தைப் பற்றி. ஒருவர் உயிரோடு இருக்கும்போது எடுக்காவிட்டால் அப்புறம் எடுக்கவே முடியாத படங்கள் இருக்கின்றன. பரதநாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி 1918ல் இதே சென்னையில் பிறந்தவர், வீணை தனம்மாளின் பேத்தி. 1935 வாக்கில் கல்கத்தாவில் அவர் ஆடியதை 14 வயதுப் பையன் ஒருவன் பார்த்தான். அவன் பேர் சத்யஜித் ராய். அந்தப் பையன் வளர்ந்து, உலகமே கொண்டாடும் இயக்குநராகி, அவரைப் பற்றி 'பாலா' என்று ஆவணப்படம் எடுத்த வருஷம் 1976. தமிழ்நாடு அரசும் பம்பாயில் இருக்கும் நிகழ்கலை மையமும் சேர்ந்து அதைத் தயாரித்தன. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். பாலாவுக்கு அப்போது 58 வயது. கடலைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் அபிநயம் பிடிக்கும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. உடம்பு கனத்திருக்கிறது, வயது தெரிகிறது, ஆனால் குழந்தையைக் கூப்பிடும் அந்தக் கண்ணும் கையும் இருக்கிறதே, அதை எந்தப் புத்தகத்தாலும் எனக்குச் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது. 1984ல் அவர் இறந்துவிட்டார். ராய் இன்னும் பத்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் படம் இல்லை. பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் எடுத்திருந்தால் நமக்கு இன்னும் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சினிமாவிலும் இதே கதைதான். டி.பி. ராஜலட்சுமி, 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகி, 1936ல் தானே எழுதி இயக்கிப் படம் எடுத்த அம்மா. அந்த முதல் படத்தின் பிரதி இன்று நம்மிடம் இல்லை. படமே தொழிலாக இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், மற்ற பெண்களைப் பற்றி என்ன சொல்ல!

கிண்டி பொறியியல் கல்லூரி வழியாகப் போகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஏ. லலிதா என்று ஒரு பெண். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவன் இறந்துபோனார், கையில் நாலு மாதக் குழந்தை. அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா துணை நிற்க, 1940ல் சேர்ந்து மின் பொறியியல் படித்து 1943ல் பட்டம் வாங்கினார். இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர். அவரும் கூடப் படித்த இன்னும் இரண்டு பெண்களும் பட்டம் வாங்கியபோது, சான்றிதழில் அச்சடித்திருந்த 'ஹி' என்பதை அடித்துவிட்டு 'ஷி' என்று திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலைகளில் பங்கெடுத்தார், 1964ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார், 1979ல் இறந்தார். அந்த அடித்தல் கோட்டை ஒரு கேமரா நெருங்கிப் போய் மூன்று விநாடி காட்டினால் போதும் நடுவர் அவர்களே, ஒரு பெண்ணுக்காக ஒரு கல்லூரி தன் அச்சுப் படிவத்தையே திருத்த வேண்டி வந்தது என்பதைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாள்.

இந்த இடத்தில்தான் எதிரணி அண்ணனின் பலமான வாதம் நிற்கிறது. வாழ்க்கையை மாற்றியது சட்டமும் வேலையும்தான், டிவி பார்த்து யாருக்கும் வயிறு நிறையவில்லை என்றார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? முத்துலட்சுமி ரெட்டி 1927ல் சென்னை சட்டசபைக்குள் போய்த் தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார், முழுச் சட்டம் 1947ல் வந்தது, இருபது வருஷம் பிடித்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் தன் தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் பிறந்தது, 1954ல் 12 படுக்கையோடு திறந்தார்கள். அதன் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்று மூன்று எழுத்து இருக்கும். பஸ்ஸில் போகும்போது பல வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன், என்ன என்று தெரியாது. விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன், 1917ல் இதே அடையாறில் பெண்கள் தொடங்கிய சங்கம். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள், 1921ல் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதலில் அதைக் கொடுத்த மாகாணம் நம் சென்னை. ஒரு போர்டில் இருக்கும் மூன்று எழுத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது, அதை எடுத்து என் கையில் கொடுத்தது ஒரு டிவி நிகழ்ச்சி. இந்த உரிமையெல்லாம் இனாமாக வந்தது என்று நினைக்கிற பெண், நாளைக்கு யாராவது அதைப் பறிக்க வந்தால் எப்படி எதிர்ப்பாள்?

ஒரே ஒரு நாள்தானே என்கிறார்கள். அமெரிக்காவில் 1978ல் கலிஃபோர்னியாவில் சொனோமா என்ற ஒரு மாவட்டத்தில் பள்ளிகளை வைத்துப் பெண்கள் வரலாற்று வாரம் என்று ஆரம்பித்தார்கள். 1987ல் அது நாடு முழுக்க மார்ச் மாதம் பூராவுக்கும் ஆகிவிட்டது. 2013ல் அவர்களுடைய பொதுத் தொலைக்காட்சி, அங்கே நடந்த பெண்கள் இயக்கத்தின் ஐம்பது வருஷத்தை, அதில் இருந்த பெண்களையே உட்கார வைத்துப் பேச வைத்து, மூன்று மணி நேர ஆவணப்படமாகக் காட்டியது. ஒரு வாரம் ஒரு மாதமாக வளர முடியும் என்றால் நம் அரை மணி நேரமும் வளரும், அதற்கு நாம் கேட்க வேண்டும். பிரைம் டைமில் கேட்க வேண்டும், மத்தியானம் இரண்டு மணிக்கு அல்ல.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

பெரியம்மாவுக்கு இப்போது 81 வயது. போன ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்டாண்டில் வைத்து அவரை உட்கார வைத்தேன். "என்னத்தடி சொல்றது" என்றுதான் ஆரம்பித்தார், ஒன்றே கால் மணி நேரம் பேசினார். நடுவில் தானே ஃபேனை நிறுத்தச் சொன்னார், சத்தத்தில் குரல் கேட்காமல் போய்விடும் என்று. வேர்த்து ஊற்றுகிறது, நிறுத்தவே இல்லை. ஐஸ் ஹவுஸில் காலையில் கடற்கரையில் நடக்க விடுவார்களாம், டீச்சர் பாட்டிக்குக் கடல் என்றால் அவ்வளவு பிடிக்குமாம். கடைசியில், அத்தைக்கு என்ன பேர் பெரியம்மா என்று கேட்டேன். அதுவரைக்கும் அவருக்கு ஒரு பேர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. பெரியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்து, அந்தப் பேரை இனிஷியலோடு முழுசாகச் சொன்னார்.

வணக்கம்.