கதவைப் பார்த்து மயங்குகிறவர்கள்

(கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழிப் பக்கம் ஒரு நூலகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், தடுமாறிய இடங்களை மட்டும் திருத்தினேன்.)

அவைத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே, பின்னால் தூணில் சாய்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘விமானப்படையில் என் அனுபவங்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். அதை ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன், என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அதனால் வேறொன்று பேசுகிறேன். ஆக்ராவில் பாராசூட் பயிற்சிப் பள்ளியில் நான் பயிற்றுநராக இருந்த காலத்தில், சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான் ஓடும். ‘உலகத்தில் எந்த விமானத்தை வேண்டுமானாலும் கேள், கொண்டு வந்து நிறுத்துகிறேன். எதிலிருந்து குதிப்பாய்?’ சம்பளம், லீவு, மேலதிகாரியைப் பற்றிய புலம்பல் எல்லாம் அப்புறம்தான். முட்டத்துக் கரையில் ஒருவர் அடுத்தவருடைய வள்ளத்தை எப்படிக் கண்ணால் அளப்பாரோ, அப்படித்தான் நாங்கள் விமானங்களை அளந்துகொண்டிருப்போம்.

நீங்கள் விமானத்தில் ஏறினால் ஜன்னல் சீட் கேட்பீர்கள். எங்களுக்குக் கண் கதவில் இருக்கும். எவ்வளவு அகலம், எந்தப் பக்கம், வால் அதற்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, இதுதான் கணக்கு. போர் விமானம் தலைக்கு மேல் இடி மாதிரிப் போகும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். எங்களில் யாருக்கும் அதன்மேல் ஆசை வராது. அவ்வளவு வேகத்தில் வெளியே காலை வைத்தால் காற்று கன்னத்தில் அறையும், ஆளை மடக்கிப் போடும்.

எனக்கு முதல் குதிப்பு ஏஎன்-32 விமானத்தில். ஆக்ரா பக்கம் மல்புரா என்ற மைதானத்துக்கு மேல், 1,250 அடி உயரத்தில். பாராசூட்டின் பட்டையை விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டிவிடுவார்கள். குதித்ததும் அதுவே இழுத்துத் திறந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த விமானத்தின் பின்பக்கம் சாய்தளம் மாதிரித் திறக்கும். எனக்கு முன்னால் நின்றவன் ஓரத்தைத் தாண்டியதும் காணாமல் போனான். அவ்வளவுதான், ‘போனான்’ என்று நினைத்து முடிப்பதற்குள் நானும் போய்விட்டேன். எங்கள் தாத்தா பனையேறி. லீவில் வந்தபோது அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இறங்குறதுக்குத்தான் இத்தனை பேரு படிச்சுக் குடுக்கானா?” (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வருவோம். விளையாட்டாகக் குதிக்கிறவர்கள் 13,000 அடிவரை ஏறுவார்கள். அங்கிருந்து விழுந்தால் பாராசூட்டைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் கிடைக்கும். வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வந்ததும் அதற்கு மேல் ஏறாது, காற்றே தாங்கிப் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

உலகத்தில் பல ஊர்களில் இதற்கென்று ஓடுவது செஸ்னா 182 என்ற குட்டி விமானம். நாலு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும், குளச்சல் பஸ்ஸில் சந்தை நாளில் போகிற மாதிரி. அதில் பழகியவனுக்கு ட்வின் ஆட்டர் வந்தால் அதுவே சொர்க்கம். கனடாக்காரர்கள் செய்தது, 1965இல் முதலில் பறந்தது, இரண்டு எஞ்சின், இருபது பேருக்கு மேல் ஏறலாம், பக்கவாட்டில் நல்ல பெரிய கதவு. கதவின் அகலத்தை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், குதிக்கும் நேரத்திலும் விமானம் வினாடிக்கு 45 மீட்டர் போய்க்கொண்டே இருக்கும். சின்னக் கதவில் ஒவ்வொருவராக நுழைந்து வெளியே போனால் முதல் ஆள் தோவாளையிலும் கடைசி ஆள் ஆரல்வாய்மொழியிலும் இறங்குவார். கதவு பெரியதாக இருந்தால் எட்டுப் பேர் கைகோத்தபடி ஒரே நேரத்தில் வெளியே வரலாம்.

வட அயர்லாந்தில் செய்த ஸ்கைவேன் என்று ஒன்று. பார்க்க அவலட்சணம். செருப்புப் பெட்டிக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். ஆனால் பின்பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். அதன் விளிம்பில் நின்று பின்புறமாகச் சாய்ந்து விழுந்தால், விமானம் உங்களை விட்டுவிட்டுத் தூரத்துக்குப் போவதை மல்லாந்தபடி பார்க்கலாம். அழகான விமானங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றில் இந்தக் காட்சி கிடையாது. அவலட்சணத்தின் பக்கம்தான் என் ஓட்டு.

பெரியதைக் கேட்டால்? 2006இல் தாய்லாந்தில் உடோன் தானி என்ற ஊருக்கு மேல் 400 பேர் ஆகாயத்திலேயே ஒருவரையொருவர் பிடித்து ஒரே கோலமாக நின்றார்கள். அந்தக் கோலம் நின்றது நாலு வினாடி சொச்சம். அதற்கு அந்நாட்டு விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானங்கள் ஐந்து சேர்ந்து பறக்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டதும் எங்களில் ஒருவன், ‘அப்படியானால் உலகத்திலேயே பெரிய விமானம் ஒன்றே போதுமே, ஏஎன்-225 வாங்கு’ என்றான். 250 டன் சுமக்கிற ராட்சசன் அது. விசாரித்துப் பார்த்தால், எடையைக் குறைப்பதற்காக அதற்குப் பின் கதவே வைக்கவில்லை. மூக்கைத் தூக்கி முன்பக்கமாகத்தான் சரக்கு ஏற்ற வேண்டும். அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிப் புறவாசல் வைக்காமல் விட்டுவிட்டார்கள். 2022இல் உக்ரைன் போரில் அதுவும் அழிந்துபோனது.

பயணிகள் விமானத்திலிருந்து குதிக்க முடியாதா என்று திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய்வருகிற நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். ஆபத்து வந்தால் சீட்டுக்கு அடியில் ஒரு பாராசூட் இருக்கக்கூடாதா என்று. 35,000 அடியில் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக் குளிர். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அரை நிமிடம், கூடினால் ஒரு நிமிடம், அதற்குள் நினைவு மங்கிவிடும். போதாததற்கு உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். பத்துப் பயில்வான்கள் சேர்ந்தாலும் திறக்காது.

ஆனால் ஒருத்தன் குதித்திருக்கிறான். இந்தக் கதையைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

1971 நவம்பர் 24, அமெரிக்கா. டான் கூப்பர் என்று பெயர் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஒருவன், பெட்டியில் குண்டு இருப்பதாகச் சொல்லி போயிங் 727 ஒன்றைக் கடத்தினான். 2 லட்சம் டாலரும் பாராசூட்டுகளும் கேட்டான், கொடுத்தார்கள். பயணிகளை இறக்கிவிட்டு மறுபடி பறக்கச் சொன்னான். அவன் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள்: உயரம் 10,000 அடிக்கு மேல் போகக்கூடாது, சக்கரங்கள் வெளியிலேயே இருக்க வேண்டும், இறக்கையின் மடல்களை 15 டிகிரி இறக்க வேண்டும், உள்ளே காற்றழுத்தம் ஏற்றக்கூடாது. சாதாரண ஆள் கேட்கிற கேள்வியா இது? விமானத்தை எப்படி மெதுவாக்குவது என்று தெரிந்தவன் கேட்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, 727க்கு வாலுக்கு அடியில் ஒரு படிக்கட்டு உண்டு, அதைப் பறக்கும்போதே இறக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இரவு, மழை, கீழே காடு. படியில் இறங்கிப் போனவன் போனவன்தான். 1980இல் கொலம்பியா ஆற்றங்கரை மணலைத் தோண்டிய ஒரு சிறுவன் கையில் அந்தப் பணத்தில் 5,800 டாலர் அகப்பட்டது. மற்றதும் ஆளும் இன்றுவரை இல்லை.

அவன் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு) ஆனால் அன்றைக்குப் பிறகு உலகத்தில் உள்ள பாராசூட்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பின்படிக்கட்டின்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது. 727களில் பறக்கும்போது அந்தப் படி இறங்காதபடி ஒரு தகட்டைப் பொருத்தினார்கள், அதற்குக் கூப்பர் பெயரே வைத்தார்கள். கலிபோர்னியாவில் பெரிஸ் என்ற ஊரில் டிசி-9 ஜெட் ஒன்றின் பின்படிக்கட்டைக் கழற்றிவிட்டு, அதிலிருந்து ஆட்களைச் சட்டப்படியே குதிக்க வைத்தார்கள். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அமைந்திருந்தால் வீட்டு ஆதாரத்தை அடகு வைத்தாவது போயிருப்பேன்.

(இந்த இடத்தில் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “ராக்கெட்டுல இருந்து குதிக்கலாமா தாத்தா?” என்று கேட்டான்.)

நல்ல கேள்வி, மக்கா. ராக்கெட் வேண்டாம், அதைவிட மெதுவான ஒன்றிலேறி ராக்கெட் மாதிரி உயரத்துக்குப் போயிருக்கிறார்கள். பலூன். 1797இல் பாரிஸில் கார்னெரின் என்பவர் பலூனிலிருந்துதான் பாராசூட்டில் இறங்கினார், அப்போது விமானமே கிடையாது. 1960இல் கிட்டிங்கர் 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். 2012இல் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கூண்டின் கதவைத் திறந்து, படியில் நின்று குதித்து, ஒலியின் வேகத்தைத் தாண்டினார். உலகமே டிவியில் பார்த்தது. இரண்டு வருஷம் கழித்து ஆலன் யூஸ்டஸ் 41 கிலோமீட்டருக்கு மேலேயே போனார். 57 வயது, கம்ப்யூட்டர்காரர். அவருக்குக் கூண்டும் இல்லை, கதவும் இல்லை. விண்வெளி உடை போட்டுக்கொண்டு பலூனுக்கு அடியில் நேரே தொங்கியபடி இரண்டு மணி நேரம் மேலே போனார். பிடியை விடுவித்ததும் விழுந்தார். கதவைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் அந்த மனிதர் வெட்டியாக்கிவிட்டார்.

பலூனில் இன்னொரு சங்கதி. விமானத்திலிருந்து குதிக்கும்போது ராட்டினத்தில் வருமே, வயிற்றைப் பிசைகிற உணர்வு, அது அநேகமாக வராது. முன்னோக்கிப் போகிற வேகம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, வெளியே வந்ததும் காற்று உங்களை ஏந்திக்கொள்ளும். பலூன் காற்றோடு சேர்ந்து மிதக்கும், அதனால் அதில் நிற்கும்போது உங்கள்மேல் காற்றே படாது. காலை எடுத்த முதல் சில வினாடிகள் சத்தமே இல்லாமல் விழுவீர்கள். அதற்கப்புறம்தான் காதில் காற்று இரைய ஆரம்பிக்கும். அனுபவித்தவர்கள் அந்த அமைதியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

பழசில் ஆசை வைப்பவர்களுக்கு டக்கோட்டா. 1947 அக்டோபரில் நம் படையினரை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய விமானம். 2018இல் ஒன்றைப் புதுப்பித்து விமானப்படையில் மறுபடி சேர்த்துப் ‘பரசுராமா’ என்று பெயர் வைத்தார்கள். கோடரி எறிந்து கன்னியாகுமரிவரை நிலம் மீட்டவர் என்று நம் பாட்டிமார் கதை சொன்ன அதே பரசுராமர்.

சரி, உனக்கு எது வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கு ஏஎன்-2. இரண்டு அடுக்கு இறக்கை, ஒற்றை எஞ்சின், பழைய சோவியத் நாட்டுத் தயாரிப்பு. நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே 1947 ஆகஸ்டில் முதலில் பறந்தது. பன்னிரண்டு பேர் உட்காரலாம். இருநூறு மீட்டர் சொச்சம் கெட்டியான தரை இருந்தால் ஏறிவிடும். நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை என்ற குறை அதற்கு ஒரு பொருட்டில்லை. மெதுவாகப் போவதில் அதற்கு நிகர் கிடையாது. எஞ்சின் நின்றுபோய்க் கண்ணும் தெரியாத நிலை வந்தால், பிடியை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள், பாராசூட் இறங்குகிற வேகத்தில் அதுவே இறங்கிவிடும் என்று அதன் விமானிகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதாவது, எங்களைக் குதிக்க விடுகிற விமானமே ஒரு பாராசூட்.

எப்போது, எங்கே? அதையும் யோசித்து வைத்திருக்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகளுக்குத்தான் கொண்டாட்டம், எங்களுக்கு ஆகாது. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று இருந்தால் விழுகிற ஒரு நிமிடத்திலேயே 600 மீட்டர் தள்ளிக்கொண்டு போகும். பாராசூட் திறந்த பிறகு தள்ளுவது தனிக் கணக்கு. மூன்று பக்கமும் கடல், மிச்சம் இருக்கிற இடத்தில் தென்னை, மின்கம்பி, காற்றாலை. பலூனை நான் ஒதுக்கியதும் அதனால்தான், அது போகிற இடத்தை நாம் தீர்மானிக்க முடியாது. கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நேரம், விடியற்காலை. தேரூர்ப் பக்கம் வேண்டாம், குளத்தில் வெளிநாட்டுப் பறவைகள் இருக்கும், அவற்றைக் கலைக்க மனசில்லை. பூதப்பாண்டியில் மலை முட்டும். தாழக்குடி சரிப்படும்.

13,000 அடியில் அந்தக் கதவில் உட்கார்ந்தால் தொடுவானம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். மேகம் இல்லாவிட்டால் ஒரு கண்ணுக்குக் கொல்லம், மறு கண்ணுக்குத் தூத்துக்குடி. தெற்கே கடலில் வள்ளுவர் சிலை நொய்யரிசி அளவுக்கு. என்னோடு வேலை பார்த்தவர்களில் பத்துப் பேர் இன்னும் தெம்பாக இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். முட்டி வலி எனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

தூணோரம் ஒருவர் கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள்.

(“தாழக்குடியில எனக்கு ஒரு ஏக்கர் கெடக்கு. வரப்பு இடிஞ்சா யாரு கெட்டுவா?” என்று கேட்டார்.)

நாங்களே கட்டித் தருகிறோம், ஐயா. விமானத்திலேயே மண்வெட்டி ஏற்றிக்கொண்டு வருகிறோம். பன்னிரண்டு இடத்தில் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது.