ஆபீஸ்ல ஃபோன்: நிமிஷத்தை விடுங்க, எத்தனை தடவைன்னு எண்ணுங்க

வணக்கம்ங்க. வேலை நேரத்துல வாட்ஸ்அப், இன்ஸ்டா பார்த்தா வேலை கெடுமா? கெடும். ஆனா எவ்வளவு நேரம் பார்த்தீங்கங்கிறதை விட, எத்தனை தடவை பார்த்தீங்க, வேலையை எந்த இடத்துல விட்டுட்டுப் பார்த்தீங்கங்கிறதுதான் முக்கியம்.

ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸை எடுத்துக்குவோம். 11-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, அதாவது போன மாச விற்பனைக் கணக்கு, போட்டாகணும். சேல்ஸ் பில்லை ஒவ்வொண்ணா டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல ஏத்திட்டிருக்காங்க. 4,530 ரூபாய் பில்லைப் பாதி அடிக்கும்போது ஃபோன் அதிருது. எடுத்துப் பார்த்துட்டு வந்து 4,350-னு அடிச்சிடுறாங்க. பார்த்தது இருபது செகண்ட்தான். ஆனா சாயங்காலம் டோட்டல் 180 ரூபாய் இடிக்கும், அதைத் தேடவே அரை மணி நேரம் போயிடும். இங்க ஒரு விஷயம் சொல்லிடுறேன். இலக்கம் இடம் மாறினா வர்ற வித்தியாசம் எப்பவும் 9-ஆல மீதியில்லாம வகுபடும். 180-ம் வகுபடுது பாருங்க. அப்படி ஒரு தொகை இடிச்சா, முதல்ல இடம் மாறின இலக்கத்தைத் தேடுங்க.

ஏன் இப்படி ஆகுது? 2009-ல சோஃபி லெராய்ங்கிற ஆய்வாளர் எழுதினாங்க: ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா, மனசுல ஒரு பங்கு முதல் வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. ரீல்ஸ்ல இருந்து பில்லுக்குத் திரும்பும்போதும் அந்த ஒட்டுதல் கூடவே வருது. 2015-ல ஃபுளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியில நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேல. ஃபோனை யாரும் தொடவே இல்லை; நோட்டிஃபிகேஷன் வந்ததுக்கே தப்பு கூடிச்சு. அதனால வைப்ரேட்ல போட்டு மேஜை மேல கவுத்து வச்சா போதும்னு நினைக்காதீங்க. மேஜை அதிர்றதே போதும், கவனம் போயிடும்.

'ஒரு தடவை கவனம் சிதறினா 23 நிமிஷம் போச்சு'ன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லணும். அது குளோரியா மார்க்ங்கிற ஆய்வாளரோட ஆய்வுல இருந்து வந்த எண். விட்ட வேலைக்குத் திரும்பி வர ஆன நேரம் அது. நடுவுல அந்த ஊழியர்கள் வேற ரெண்டு வேலையையும் தொட்டுட்டு வந்திருப்பாங்க. ஸ்டேட்டஸ் பார்க்குற ஒவ்வொரு தடவையும் 23 நிமிஷம் போகுதுன்னு பெருக்கினா கணக்கு தப்பாயிடும். அதே ஆய்வுகள்ல, கவனம் கலையறதுல ஏறக்குறைய பாதி, யாரும் கூப்பிடாம நாமளா கலைச்சுக்கிறதுன்னும் வந்திருக்கு. சத்தத்தை மட்டும் நிறுத்தினா அந்தப் பாதி அப்படியே இருக்கும்.

நம்ம ஊர்ல பெரிய ஓட்டையே ஆபீஸ் குரூப்தான். மேனேஜர் அனுப்பினதைப் பார்க்கத் திறக்குறீங்க, பக்கத்துலயே சொந்தக்காரங்க குரூப்ல 40 மெசேஜ். தடைன்னு போர்டு மாட்டினா தீராது, ஏன்னா ஆர்டரும் அங்கதான் வருது, அரட்டையும் அங்கதான் வருது. வைஃபைல பிளாக் பண்ணினா சொந்த டேட்டால பார்ப்பாங்க.

அதனால இப்படிப் பண்ணுங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப்பை லிங்க் பண்ணிடுங்க. நாலு கருவி வரைக்கும் லிங்க் பண்ணலாம், ஃபோன் ஆன்ல இருக்கணும்னுகூட இல்லை. ஃபோன் டிராயருக்குள்ள போகட்டும். வீட்டு குரூப், ஸ்கூல் குரூப், அப்பார்ட்மென்ட் குரூப் எல்லாத்தையும் ஆர்க்கைவ் பண்ணுங்க. செட்டிங்ஸ்ல சாட்ஸுக்குள்ள, புது மெசேஜ் வந்தாலும் ஆர்க்கைவ்லயே இருக்கட்டும்ங்கிறதை ஆன் பண்ண மறந்துடாதீங்க. இல்லைன்னா ஒரு குட் மார்னிங் வந்ததும் மறுபடி மேல ஏறி உட்கார்ந்துக்கும். உங்களை டேக் பண்ணினாலோ, உங்க மெசேஜுக்குப் பதில் போட்டாலோ நோட்டிஃபிகேஷன் வரும், பயப்பட வேண்டாம். வீட்ல அவசரம்னா மெசேஜ் வேண்டாம், கால் பண்ணுங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. அதுக்கு ரிங் மட்டும் ஆன்ல இருக்கட்டும்.

இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப்புக்கு ஆண்ட்ராய்டுல டிஜிட்டல் வெல்பீயிங்ல ஃபோகஸ் மோட் இருக்கு. 10-ல இருந்து 4 வரைன்னு ஷெட்யூல் போடுங்க, நடுவுல டீ நேரத்துக்கு 'டேக் எ பிரேக்' தட்டினா கொஞ்ச நேரம் திறக்கும். ஐஃபோன்ல ஸ்கிரீன் டைம் லிமிட் மட்டும் போட்டா பிரயோஜனம் இல்லை, இக்னோர்னு ஒரு தட்டு தட்டினா திறந்துடும். பாஸ்கோடு போடணும், அதை வேற ஒருத்தர் வச்சிருக்கணும்.

பார்க்கவே கூடாதுன்னு நான் சொல்லலைங்க. 11 மணி டீ, 4 மணி டீ, அப்ப பத்துப் பத்து நிமிஷம் நிம்மதியா பாருங்க. எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஏத்திட்டிருக்குற பில்லை சேவ் பண்ணிட்டு, அடுத்த பில் நம்பரை ஒரு சீட்டுல எழுதி வைங்க. லெராய் பின்னாடி செஞ்ச ஆய்வுல, திரும்பி வந்ததும் எங்க ஆரம்பிக்கணும்னு எழுதி வச்சிட்டுப் போனவங்களுக்கு அந்த ஒட்டுதல் குறைஞ்சுது. பத்து செகண்ட் வேலை, கண்டிப்பா பண்ணுங்க.

பலன் இருக்கான்னு பார்க்க ரெண்டு வாரம் வேணும். முதல் வாரம் எதையும் மாத்தாதீங்க. ஃபோனை எடுக்கும்போதெல்லாம் ஒரு கோடு: சத்தம் கேட்டு எடுத்தா நேர்க்கோடு, சும்மா எடுத்தா சாய்கோடு. கூடவே அன்னிக்கு ஏத்தின பில் எத்தனை, திருத்தினது எத்தனைன்னும் குறிச்சுக்கோங்க. ரெண்டாவது வாரம் மாத்திப் பாருங்க. கோடு குறைஞ்சும் திருத்தம் குறையலைன்னா காரணம் ஃபோன் இல்லை. மூணாவது வாரம், உங்க இடத்துக்கு வந்து கூப்பிடுறவங்களை எண்ணுங்க.