பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள்

வணக்கம், நேயர்களே. கைக்குழந்தை உள்ள வீடென்றால் அது தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். அதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்ததுண்டா? இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் சும்மா இருக்கக் கூடாது, நிமோனியாவாக இருக்கலாம். இரண்டு மாதம் தாண்டி ஒரு வயது வரைக்கும் அந்தக் கணக்கு 50. எக்ஸ்ரே வேண்டாம், ஸ்டெதாஸ்கோப்கூட வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

எண்ணத் தெரிந்தால்! அங்கேதான் நான் சொல்ல வந்த கதை ஆரம்பிக்கிறது.

மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில் கட்சிரோலி என்று ஒரு மாவட்டம். காட்டுப் பகுதி, கோண்டுப் பழங்குடி மக்கள் நிறைய வாழும் இடம். டாக்டர்கள் அபய் பங், ராணி பங் என்ற கணவனும் மனைவியும் 1986இல் அங்கே போய்த் தங்கி வேலையை ஆரம்பித்தார்கள். குழந்தைகள் நிமோனியாவில் செத்துக்கொண்டிருந்தன. மருத்துவமனையோ தொலைவில். ராத்திரியில் குழந்தைக்கு இழுப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் யார்? பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிதான். சரி, அவருக்கே சொல்லிக்கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள்.

ஒரு சிக்கல். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு வரைதான் எண்ணத் தெரியும். அறுபதுக்கு எங்கே போவது?

நாம் என்ன செய்திருப்போம்? நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் செவிலியர்களுக்குப் பாடம் எடுத்தவள். 'முதலில் இவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துங்கள், அப்புறம் பார்க்கலாம்' என்று குறிப்பு எழுதிவைத்துவிட்டு வந்திருப்பேன். அந்த வகுப்பு முடிவதற்குள் எத்தனை குழந்தை போயிருக்குமோ.

அவர்கள் கருவியை மாற்றினார்கள். ஒரு சின்னச் சட்டம், அதில் ஒரு நிமிடம் ஓடும் மணல் கடிகாரம், பக்கத்தில் பாசிமணிபோல இரண்டு வரிசை மணிகள். குட்டிக் குழந்தைக்கு ஒரு வரிசை, கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு இன்னொரு வரிசை. பத்து மூச்சு எண்ணியதும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். பத்துதானே, அது அவர்களுக்குத் தெரியும். மறுபடி ஒன்றிலிருந்து பத்து, மறுபடி ஒரு மணி. வரிசையின் கடைசியில் சிவப்பு மணி. மணல் கொட்டித் தீர்வதற்கு முன்னால் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா, மருந்தை ஆரம்பிக்கலாம். அவ்வளவுதான். அறுபது என்ற எண்ணே அந்தப் பாட்டிகளின் வாயில் வர வேண்டியதில்லை.

இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன். வீட்டில், 'மணிக் கதை ஆரம்பித்துவிட்டாயா' என்று கேலிகூடச் செய்வார்கள். செய்யட்டும்.

இதற்குப் பிறகு அதே கட்சிரோலியில் 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களைப் பழக்கி, பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்க வைத்தார்கள். எடை பார்ப்பது, சூடு குறையாமல் போர்த்துவது, தாய்ப்பால் குடிக்கிறதா என்று கவனிப்பது, கிருமித் தொற்று என்று தெரிந்தால் ஊசி போடுவது எல்லாம் அந்தப் பெண்கள்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இந்த ஏற்பாடு இல்லாமல் வைத்திருந்த கிராமங்களோடு வைத்துப் பார்த்தால், முதல் மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது இது. இன்றைக்கு நம் நாட்டில் ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர் பிரசவமான வீட்டுக்கு 42 நாள் வரை வந்து எட்டிப் பார்க்கிறாரே, அந்த ஏற்பாட்டுக்கு வேர் அங்கேதான்.

ஆனால் இதே தம்பதியின் ஆரம்பம் இப்படி இல்லை. போன புதிதில் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோயைப் பற்றி ஆராய்ந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மக்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது அவர்கள் கேட்ட கேள்வி இல்லையே! அபய் பங்கே இதைத் தன் தவறாகச் சொல்லியிருக்கிறார்.

ரத்தம் என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவசுபாய் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். நடந்து, கோவேறு கழுதையில், அல்லது ஹெலிகாப்டரில்தான் அங்கே போக முடியும். அவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வந்து, சர்க்கரை நோய் பற்றிப் பார்க்கிறோம் என்று ரத்தம் எடுத்துப் போனார்கள். மக்களும் நம்பிக் கையை நீட்டினார்கள். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதே ரத்தத்தை மனநோய் ஆராய்ச்சிக்கும், இவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வழக்கு நடந்தது. 2010இல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் கேட்பது ஒன்றுதான்: ஜீப் திரும்பிப் போன பிறகு அந்த ஊரில் யாருக்கு என்ன புதிதாகச் செய்யத் தெரியும்? முன்னே சொன்ன ஊர்களில் மருத்துவச்சிக்கு நிமோனியா பார்க்கத் தெரியும். பள்ளத்தாக்கில் என்ன மிஞ்சியது? ஊசி குத்திய இடம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரைக் குறை சொல்கிறேன் என்பீர்கள். முதல் முறை ஒரு மலைக்கிராமத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். இரண்டு நாள் முழுக்க ரத்த ஓட்டம், படம் வரைந்து. கடைசி நாள் எழுத்துத் தேர்வு. ஒரு பையன் முதல் மதிப்பெண் வாங்கினான், சான்றிதழையும் வாங்கினான், மறுமாதமே அதைக் காட்டி டவுனில் வேலைக்குப் போய்விட்டான். தேர்வில் தோற்ற ஒரு அம்மா மூன்று நாளும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: 'ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை பால் குடிக்காட்டி நான் என்ன செய்யணும்?' 'அது நாளைக்கு வரும்' என்றேன். வரவே இல்லை, நேரம் போதவில்லை. இன்றைக்கும் அந்த ஊரில் ராத்திரி கதவைத் தட்டுவது அந்த அம்மா வீட்டில்தான்.

யாரைப் பயிற்சிக்கு எடுப்பது என்பதை ஊரிடம் விட வேண்டும். அலாஸ்காவில் அப்படித்தான் செய்கிறார்கள். சாலையே எட்டாத கிராமங்கள், விமானமோ படகோதான். அங்கே 1950களில் காசநோய் பரவலாக இருந்தது; ஊர்க்காரர்களே மாத்திரை கொடுக்கப் பழகினார்கள். 1968இல் அது முறையான அரசுத் திட்டமானது. பயிற்சி மூன்று நான்கு வாரம், அப்புறம் ஊருக்குப் போய் வேலை, மறுபடி பயிற்சி என்று நான்கு கட்டம். ஒரே மூச்சில் இரண்டு வருடம் டவுனில் உட்கார வைத்தால் யார் திரும்பி வருவார்? அந்தக் காலத்தில் தொலைவில் இருக்கும் டாக்டரிடம் வயர்லெஸ் ரேடியோவில்தான் கேட்பார்கள். அதில் ஒரு வேடிக்கை: யாருக்கு என்ன வியாதி என்று, செட் வைத்திருந்த சுற்று வட்டாரமே கேட்டுக்கொண்டிருக்கும்! இப்போது நான் பேசுவதை நீங்கள் கேட்பதுபோல. நல்லவேளை, என் ரத்த அழுத்தத்தை இங்கே யாரும் வாசிக்கவில்லை.

ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளுக்கு வரும், இதயத்தைக் கெடுக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல், 28 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருடக்கணக்கில் போட வேண்டியது, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன். மணிக் கதையே அந்த நேரத்தைச் சாப்பிட்டுவிட்டது. பல்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அலாஸ்காக் கிராமங்களில் பல் பிடுங்க, அடைக்க ஊர்க்காரர்களைப் பழக்க நினைத்தபோது அமெரிக்காவில் அதற்கு ஒரு பள்ளிகூட இல்லை. 2003இல் நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். படித்துத் திரும்பியதும் பல் டாக்டர்கள் சங்கம் வழக்குப் போட்டது. நிற்கவில்லை. அவர்கள் இன்னும் பல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.