கோடுதான் நகர்ந்தது, ஜனங்கள் நகரவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். கலைக்கப்பட்ட வார்டின் தேர்தல் வரலாறு காக்க வேண்டியதா, கழிக்க வேண்டியதா என்பது இன்றைய தலைப்பு. காக்க வேண்டியதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "இடித்த வீட்டுக்கு எதற்கு முகவரி?" என்று கேட்டு நல்ல கைதட்டல் வாங்கினார். நடுவர் அவர்களே, வார்டை யாரும் இடிக்கவில்லை. அதே தெரு, அதே குழாயடி, அதே ஜனங்கள். வார்டின் எல்லைக் கோடு மட்டும்தான் நகர்ந்தது. சென்னையில் எந்தத் தெருவுக்குள்ளும் போய்ப் பாருங்கள். வாசல் சுவரில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்கும். பழைய எண்ணை அழித்துவிட்டால், அப்பா காலத்துப் பத்திரத்தில் இருக்கிற வீடு இதுதான் என்று காட்டுவதற்கே அலைய வேண்டும். வீட்டுக்கு இத்தனை கவனம் எடுக்கிறோம். அந்த வீட்டார் வரிசையில் நின்று போட்ட ஓட்டுக்குப் பழைய எண் வேண்டாமா?

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. கேட்பதற்கு வளர்ச்சி மாதிரி இருக்கிறது. ஆனால் பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின. மீதி 93 புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குப் போயின. அதாவது பழைய சென்னைக்கு 48 கவுன்சிலர்கள் குறைந்தார்கள். இது சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆனால் எந்த வார்டு எதோடு சேர்ந்தது, அங்கே முன்பு யார் எத்தனை ஓட்டில் ஜெயித்தார்கள் என்ற கணக்கு கையில் இல்லாமல் எதை வைத்து வாதாடுவது?

"மாநகராட்சி மொத்தக் கணக்கு இருக்கிறதே, அது போதாதா?" என்றார் இன்னொரு நண்பர். போதாது ஐயா. 1996-லும் 2001-லும் வாக்காளர் கையில் இரண்டு ஓட்டு இருந்தது. ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று மேயருக்கு. மேயருக்கு ஒரு கட்சி, தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் ஓடி வருகிற சுயேச்சைக்கு இன்னொன்று என்று பிரித்துப் போட வழி இருந்தது. 2006-ல் கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல். 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள் வழியாக. ஆக, ஒரே தெருவில் விழுந்த ஓட்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு அர்த்தம். அந்தச் சுயேச்சை 1996-ல் வாங்கிய ஓட்டு 2006-ல் எங்கே போனது? வார்டுக் கணக்கில்தான் பதில் இருக்கிறது. மொத்தக் கணக்கில் அவர் 'மற்றவர்கள்' என்ற ஒரு வரியில் அடங்கிவிடுவார்.

ஆலந்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் சென்னையோடு சேரும்வரை தனி நகராட்சி. 1996-ல் வந்த மன்றம் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்டது, ஜனங்களும் கட்டினார்கள். எவ்வளவு பெரிய விஷயம்! கைக்காசு கொடுத்த அந்தத் தெருக்கள் அடுத்த தேர்தலில் என்ன தீர்ப்புச் சொல்லின? பழைய ஆலந்தூர் வார்டுகளின் முடிவுகளைத் தவிர வேறு எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று மனசை உறுத்துகிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற ஏற்பாட்டோடு 1996-ல் தேர்தல் நடந்தது. தமிழகத்தில் 2016-ல் அது பாதியாக உயர்ந்தது. முதன்முதலாக நின்று ஜெயித்த பெண்ணை, பிறகு ஒதுக்கீடு இல்லாத தேர்தலிலும் அந்த வார்டு ஏற்றுக்கொண்டதா? வார்டு கலைந்ததும் ஏட்டையும் கலைத்துவிட்டால் அவர் பெயரே போய்விடும். சட்டமன்ற உறுப்பினர் பெயர் எப்படியும் எங்காவது நிற்கும். கவுன்சிலருக்கு அந்த ஏடு ஒன்றுதான்.

வெற்றிடமும் வரலாறுதான் நடுவர் அவர்களே. மஸ்டர் ரோல், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேடு, அதில் நடந்ததாகச் சொன்ன ஊழல் புகாரை அடுத்து 1973-ல் சென்னை மாமன்றம் கலைந்தது. அடுத்த தேர்தல் 1996-ல். 23 வருஷம்! அப்புறம் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரியில். ஒரு வார்டின் ஏட்டைத் திறந்தால் இந்த வருஷங்களுக்கு நேரே ஒன்றும் இருக்காது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கேட்பதற்குத் தெருவில் ஒரு கவுன்சிலர் இல்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்தது என்று அந்தக் காலி இடம் சொல்லும்.

கடைசியாக உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருஷப் பழசு. ஊரை 30 குடும்புகளாக, அதாவது அந்தக் காலத்து வார்டுகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்தார்கள். ஊர்க் காரியம் பார்க்கும் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்பது விதி. போன முறை யார் இருந்தார், கணக்குக் கொடுத்தாரா என்பது தெரியாமல் இந்த விதியை எப்படி நடத்துவது? அந்த 30 குடும்புகளில் ஒன்றுகூட இன்று இல்லை. கல்வெட்டு இருப்பதால்தான் நாம் இங்கே நின்று அதைப் பேச முடிகிறது.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. பழைய வார்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். நின்றவர்கள், சின்னம், வாங்கிய ஓட்டு, செல்லாத ஓட்டு, எந்தெந்தத் தெருக்கள், கலைந்தபின் எந்த வார்டில் சேர்ந்தன. நூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கட்டும். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.