எந்த நாடு எண்டு கேக்க முதல்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வவுனியாவில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எனக்கு 24 வயது. ஏ.எல். முடிச்சு நாலு வருசமா ஒரு பாஸோட வயரிங் வேலை. சேர்ட்டிபிக்கேட் ஒண்டும் இல்ல. ஒரு ஆள் விசிட் விசாவில டுபாய்க்கு அனுப்பி, அங்க வைச்சு வேலை விசாவுக்கு மாத்தித் தாறன் எண்டு எட்டு லட்சம் கேக்கிறார். போகலாமா? இல்லாட்டி எந்த நாடு நல்லம்?"

இந்தக் கேள்வி ரெண்டு நாளா மண்டைக்குள்ளேயே நிண்டது. போகாதேங்கோ தம்பி. விசிட் விசாவில வேலை செய்யிறது அங்க சட்டவிரோதம். விசா மாறும் வரைக்கும் சம்பளம் தராமல் விட்டாலும் கையில ஒப்பந்தம் இல்லாமல் எங்க போய் முறையிடுறது? ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கோ எண்டு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 இலக்கத்துக்கு அடிச்சுக் கேளுங்கோ. லைசென்ஸ் மட்டும் காணாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் அனுமதி குடுத்திருக்கோ எண்டும் கேக்க வேணும். கொரியாவுக்கு அரசாங்க ஒப்பந்தத்தில போற வேலைக்கு ஏஜென்டே கிடையாது, பணியகத்துக்குள்ளால மட்டும்தான். 2022 நவம்பரில கனடா எண்டு நம்பிப் படகேறின எங்கட ஆக்கள் 303 பேரை நடுக்கடலில மீட்டு வியட்நாமில இறக்கினதை நீங்கள் எல்லாரும் பாத்தனீங்கள்.

ஆனா தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற: "நாலு வருச வேலைக்குத் தாள், அதாவது சேர்ட்டிபிக்கேட், எடுக்க ஏலுமா?" ஏலும். இதைப் பழைய காணொளியளில எத்தனையோ தரம் சொன்னனான், திரும்பவும் சொல்லுறன். 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு ஏறேக்க, சீமெந்தும் கேபிளும் வாங்க ஏலாமல் கட்டட வேலையள் நிண்டது. அந்த வருசம் மட்டும் 3 லட்சத்துக்கு மேல வேலைக்கு வெளியில போனவை. அதில தொழில் தெரிஞ்சும் தாள் இல்லாதவனை அங்க உதவியாள் எண்டுதான் எடுப்பினம், சம்பளமும் அந்தக் கணக்கில்தான்.

அதுக்கு ஆர்.பி.எல். (முன் அனுபவத்தை அங்கீகரிக்கிற முறை) எண்டு ஒரு வழி இருக்கு. திரும்பப் படிக்கத் தேவையில்ல, செய்த வேலையை வைச்சே என்.வி.கியூ. எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் குடுப்பினம். தொழிற்பயிற்சி அதிகார சபையின்ர மாவட்ட அலுவலகத்திலயோ நைட்டாவிலயோ (தேசிய பயிலுநர் பயிற்சி அதிகார சபை) எலெக்ட்ரிசியன் எண்டு விண்ணப்பியுங்கோ. 3ஆம் மட்டம் எண்டால் ஒருத்தர் மேற்பார்வை பாக்க வேலை செய்யக்கூடியவர், 4 எண்டால் தனியச் செய்யக்கூடியவர். நாலு வருசக்காரன் 4க்குப் போகலாம். பாஸிட்ட சேர்விஸ் லெட்டர் வேணும். "நல்ல பொடியன்" எண்டு எழுதின கடிதம் உதவாது. எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரை, என்ன வேலை, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா எண்டு இருக்க வேணும். வேலை செய்யேக்க எடுத்த படங்களையும் விண்ணப்பக் கோவையில போடுங்கோ, சுவர் பூச முதல் எடுத்த பைப் படம், போர்ட் திறந்திருக்கிற படம்.

அதுக்கு வைக்கிற செய்முறைச் சோதினையில பொடியள் தடுமாறுற இடம் வயர் இழுக்கிறதில இல்ல, டெஸ்டிங்கில. கரண்ட் குடுக்க முதல் மெகரை (இன்சுலேஷன் அளக்கிற மீற்றர்) 500 வோல்ட்டில வைச்சு இன்சுலேஷன் பாக்க வேணும், 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில பாக்கேக்க ஒரு பல்பைக் கழட்டாமல் விட்டாலே ரீடிங் விழுந்திடும். பிறகு வயரில பழுது எண்டு தேடிக்கொண்டு நிப்பினம். சைட்டில பாஸ்மார் அவசரத்தில இந்த டெஸ்டையே விட்டிடுறதாலதான் பொடியளுக்கு இது பழக்கமில்ல. சோதினையின்ர ஒரு அலகில (பகுதியில) தவறினால் பயப்பிடாதேங்கோ, தேறின அலகுகள் பதிவில இருக்கும், மிச்சத்துக்குத் திரும்ப வரலாம்.

பேர் எழுத்தும் முக்கியம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட், என்.வி.கியூ. நாலிலயும் ஒரே எழுத்தா எண்டு ஒவ்வொரு எழுத்தாப் பாருங்கோ. ஒரு எழுத்து மாறினாலும் விசா நேரத்தில அலைய வைப்பினம்.

ஜப்பான் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கும் சொல்லிவிடுறன்: பராமரிப்பு வேலைக்கு மொழி மட்டும் காணாது. என்4 எண்ட அடிப்படை மட்ட ஜப்பான் மொழியோட தொழில் சோதினையும் தேற வேணும். அதை அடுத்த காணொளியில விரிவாச் சொல்லுறன்.