ஒரு வரி பேட்ச், லினக்ஸ் கெர்னல், அப்புறம் அந்த டேப் பிரச்சினை

வணக்கம் மக்களே! இன்றைக்கு கீபோர்டு ரிவ்யூ கிடையாது, அது அடுத்த வாரம். நேற்று ராத்திரி வந்த ஒரு மெயிலை இன்னும் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அப்ளைடு, தேங்க்ஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு சென்சார் டிரைவருக்கு நான் அனுப்பிய பேட்சை, அதாவது கோடில் செய்த திருத்தத்தை, அந்தப் பகுதியைக் கவனிக்கிற மெயின்டெயினர் எடுத்துக்கொண்டார்!

போன வீடியோவில் காட்டினேனே, எரர் வந்தால் ஒதுக்கிய மெமரியை விடுவிக்காமலே பாதியில் திரும்பிவிடுகிறது என்று, அதே இடம்தான். ரிட்டர்ன் இருந்த இடத்தில் 'கோட்டு' (goto) கட்டளை போட்டு, கீழே விடுவிக்கிற பகுதிக்கு அனுப்பிவிட்டேன். மாறியது ஒரே வரி.

கோடு பகிர்கிற கிட்ஹப் தளத்தில், என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புல் ரிக்வெஸ்ட் போட்டால் போதாதா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். கெர்னலுக்குப் போதாது, மெயிலில்தான் அனுப்ப வேண்டும். வெறும் டெக்ஸ்ட், எச்டிஎம்எல் கூடாது, பேட்ச் அட்டாச்மென்டாக இல்லாமல் மெயிலுக்குள்ளேயே இருக்க வேண்டும், ஏனென்றால் பார்க்கிறவர் உங்கள் கோடின் அந்தந்த வரிக்குக் கீழேயே பதில் எழுதுவார். இது பழைய காலத்து முறை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இந்த அளவுக்கு வரி வரியாகப் படித்து யாரும் என் கோடைப் பார்த்ததில்லை.

சரி, டேப் பிரச்சினைக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் விட மாட்டேன். கெர்னல் கோடில் உள்தள்ளல் எல்லாம் டேப், ஒரு டேப் 8 எழுத்து அகலம். நான் வைத்திருக்கிற மெயில் சேவையின் வெப் பக்கத்தில் ஒட்டி, முதலில் எனக்கே அனுப்பிப் பார்த்தேன். மெயில் வந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைச் சேமித்து, மெயிலில் உள்ள பேட்சைக் கோடில் ஏற்றுகிற 'கிட் ஏஎம்' (git am) கட்டளை கொடுத்தால் பேட்ச் ஏறவே இல்லை! எடிட்டரில் மறை எழுத்துகளைக் காட்டச் சொன்னால், டேப் அம்புக்குறி வர வேண்டிய இடமெல்லாம் வரிசையாகப் புள்ளி, புள்ளி, புள்ளி. அத்தனையும் ஸ்பேஸ். ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றி வைத்திருக்கிறது, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் எழுதியதைத் தொட இவர்கள் யார்? கெர்னல் ஆவணங்களில் மெயில் கிளையண்ட்களுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது என்றால், எத்தனை பேர் இதில் மாட்டியிருப்பார்கள் பாருங்கள். கடைசியில் டெர்மினலிலிருந்தே மெயில் அனுப்புகிற 'கிட் சென்ட்-ஈமெயில்' (git send-email) கட்டளையை வைத்து அனுப்பினேன், ஒரு டேப் கூட நகரவில்லை.

இருங்கள், இதற்கு முந்தைய படி ஒன்றை விட்டுவிட்டேன். அனுப்பும் முன் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், பாணிப் பிழைகளைச் சொல்லிவிடும். 'கெட்_மெயின்டெயினர்' ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைக் கவனிப்பவர்களின் முகவரிகளை எடுத்துத் தரும். நேராக லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார், வேண்டாம், அவர் பெரும்பாலும் மெயின்டெயினர்களிடமிருந்துதான் வாங்கிக்கொள்கிறார்.

பேட்சில் உங்கள் பெயரோடு 'சைன்ட்-ஆஃப்-பை' (Signed-off-by) வரி கட்டாயம். 2003-இல் எஸ்சிஓ (SCO) என்ற மென்பொருள் நிறுவனம் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டு, லினக்ஸில் எங்கள் கோடு இருக்கிறது என்று கிளம்பியது. அந்தச் சர்ச்சையைத் தொடர்ந்து 2004-இல் இந்த வரி வந்தது. இதைப் போட்டால், இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்கள். எடுத்துக்கொள்கிற மெயின்டெயினரும் உங்கள் பெயருக்குக் கீழே தன் பெயரைச் சேர்க்கிறார். முன்பின் தெரியாத ஒருவரின் கோடுக்குத் தன் பெயரைக் கொடுக்கிறார் என்பதை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

என்னிடம் ரிவ்யூவில் கேட்டது 'ஃபிக்ஸஸ்' வரி. எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) இந்தப் பிழை நுழைந்ததோ அதன் ஐடியின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் போட வேண்டும். பழைய வெர்ஷன்களுக்கும் திருத்தத்தைக் கொண்டுபோகிறவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. அதைச் சேர்த்து வி2, அதாவது பேட்சின் இரண்டாம் பதிப்பை, அனுப்பினேன், என்ன மாறியது என்ற குறிப்பை பேட்சில் வருகிற மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுதினேன், அங்கே எழுதுவது கமிட் வரலாற்றில் ஏறாது.

இனி மெயின்டெயினரின் ட்ரீயிலிருந்து (அவர் வைத்திருக்கிற கோடு தொகுப்பிலிருந்து) எடுத்து, அடுத்த வெர்ஷனுக்கான சோதனைத் தொகுப்பான 'லினக்ஸ்-நெக்ஸ்ட்'டில் மற்றவர்களின் மாற்றங்களோடு சேர்த்துச் சோதிப்பார்கள். அப்புறம் புது மாற்றங்களை லினஸ் சேர்த்துக்கொள்கிற, 2 வாரம் திறந்திருக்கிற மெர்ஜ் விண்டோ. புது வெர்ஷன் 9, 10 வாரத்துக்கு ஒருமுறை வரும்.

'சென்ட்-ஈமெயில்' செட்டிங் முழுவதையும் அடுத்த வீடியோவில் டெர்மினலில் காட்டுகிறேன். கூடவே செய்து பார்க்கிறவர்கள் மெயிலுக்கு ஆப் பாஸ்வேர்டு (வெளிப் புரோகிராம்கள் நுழைவதற்கென்று தனி பாஸ்வேர்டு) உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.