மரம் வைத்தவன் எங்கே?

(ஏற்காட்டில் மரக்கன்று நடும் விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிவந்து இன்னும் தலைசுற்றல் தீராத சிறப்பு விருந்தினர் அவர்களே, ஒன்றியப் பெருமக்களே, எஸ்டேட் நண்பர்களே, மைக்செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்கு நாற்றுப் பை வாங்கித் தாருங்கள்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். முதலாவது, பீச் மரம். பழம் விற்கிறார்களே, அந்த பீச் அல்ல. ஓக் மரத்துக்கு உறவு, ஐரோப்பாவின் குளிர்க்காட்டு மரம். தெற்கே அதற்குக் கடைசி எல்லை இத்தாலியின் சிசிலித் தீவு. அங்கே எட்னா எரிமலைச் சரிவில் நிற்கிறது. அடிவார வெயில் அதற்கு ஆகாது. மேலே குளிரும் ஈரமும் இருக்கும்வரை பிழைக்கும். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்போம். ஊற்றுகிற ஈரமே குறைந்தால்?

பீச் மரத்துப் பட்டை வழவழப்பானது, பெயரைச் செதுக்கினால் பல்லாண்டு நிற்கும். இங்கேயும் ஒரு கதை உண்டு. தாரமங்கலத்துக்காரர் ஒருவர், செந்தில் என்று வைத்துக்கொள்வோம், கல்லூரி நாளில் இந்த மலை மரமொன்றில் தன் பெயரையும் இன்னொரு பெயரையும் செதுக்கி, நடுவில் அம்பும் விட்டுவிட்டுப் போனார். அப்புறம் கல்யாணமாகி மனைவி, மாமியாரோடு வந்தார். மரம் வளர்ந்து எழுத்து உச்சிக்குப் போயிருக்கும் என்ற தைரியம்! மரம் உயர்வது நுனியில். அடிமரம் பருக்கும், மேலே போகாது. எழுத்து அதே இடத்தில், மாமியார் கண்ணுக்கு நேராக, முன்பைவிட அகலமாக! “சேலம் ஜில்லாவில் ஆயிரம் செந்தில் இருப்பான்” என்றார் மனிதர். அம்மாள் விரல்வைத்துக் காட்டினார், கீழே ‘தாரமங்கலம்’. வீடு போய்ச் சேரும்வரை காரில் பேச்சே இல்லையாம்.

சரி, நம் மலைக்கு வருவோம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்தார். நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் ஆஸ்திரேலிய சில்வர் ஓக் வந்தது. சீக்கிரம் வளரும், வெட்டினால் காசு. எஸ்டேட்காரர்களைக் குறை சொல்லமாட்டேன், டீ அவர்கள் உபயம். ஆனால் நம் சேர்வராயன் மலையின் பெயரையே சுமக்கும் வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற சிறுமரம் அருகிப்போய்விட்டது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றட்டும். விதை பொறுக்கி நாற்று விடுவது யார்? அதற்குத்தான் நாற்றங்கால் கேட்டு அலைகிறேன். நாவல், அத்தி, பலாவும் அதில் வளர்க்கலாம், நிழலுக்கு ஆகும்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. மற்ற இரண்டு விஷயமும் இன்னொரு மேடைக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பத்து சென்ட் போதும். தலைவர் பேசும்போது அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.